கூற்றச்சம்



திருவிழாப் பந்தலில் சாவைப் பற்றிப் பேசுவது தகுமோ என்று விழாக் குழுவினருள் பெரியவர் ஒருவர் எம்மை வினவினார். கொடியேறிய ஊரில் மங்கலச் சொற்களே ஒலித்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. அவருடைய தயக்கத்தை யாம் குறையாகக் கொள்ளவில்லை. இன்று எடுத்துக்கொண்ட பொருளுக்கு அதனினும் நல்ல தோற்றுவாய் கிடைத்தல் அரிது. ஏனெனில், அத்தயக்கத்திற்குத் தமிழ் இலக்கணமே ஓரிடம் வகுத்துத் தந்திருக்கின்றது.

பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலிலே தகுதி வழக்கு என்றொரு பகுதி வருகின்றது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என அது மூவகைப்படும். அவற்றுள் மங்கலம் என்பதற்குக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டுகளை நினைத்துப் பாருங்கள். செத்தாரைத் துஞ்சினார் என்பது. சுடுகாட்டை நன்காடு என்பது. பள்ளிப் பிள்ளைகள் இவற்றை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகின்றனர். ஒரு மக்கட் கூட்டத்தின் நெஞ்சிலிருந்த நடுக்கத்தை இலக்கணம் விதியாக எழுதி வைத்திருக்கின்றது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இன்றும் நாம் காலமானார் என்கின்றோம். இயற்கை எய்தினார் என்கின்றோம். சிவபதம் அடைந்தார் என்று அச்சிடுகின்றோம். 'செத்தார்' என்று இரங்கல் அட்டையில் அச்சிடத் துணிந்தவரை யாம் இதுகாறும் கண்டதில்லை.

அஞ்சப்படும் பொருளுக்குப் பெயர்கள் பலவாகும். காலன், நமன், மறலி, அந்தகன் என வரும் பெயர்களுள் தமிழ்ச் சொல்லாகிய கூற்று என்பது ஆழமானது. உடலையும் உயிரையும் வேறுவேறாகக் கூறுபடுத்துவது என்பது அதற்குப் பெரியோர் கூறும் பொருள். கூறுபட்டபின் எஞ்சுவது என்ன என்னும் வினாவே அச்சத்தின் ஊற்று. இவ்வச்சத்தைத் தமிழ் மக்கள் முகத்தை மறைத்துக்கொண்டு கடந்தனரா, ஏறிட்டு நோக்கிக் கடந்தனரா என்பதே இன்று நாம் ஆராயும் வரலாறு.

மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் சான்றை முதலில் காண்போம். தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டு செருமானிய நாட்டவராகிய ஜாகோர் என்பவர் முதன்முதல் அகழ்ந்தார். பின்னர் அந்த நூற்றாண்டின் முடிவிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அலெக்சாந்தர் ரீ என்பவர் விரிவாக அகழ்ந்தார். தாழிகளுக்குள் எலும்புகளோடு இரும்புக் கருவிகளும், வெண்கலக் கலங்களும், பொன்னாலாகிய நெற்றிப் பட்டங்களும் கிடைத்தன. அவ்வூருக்கு அண்மையிலுள்ள சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155-ஆம் ஆண்டளவினது என்று ஆய்வு முடிவு 2021-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்றது. மூவாயிரம் ஆண்டுகட்கு முன்னர் ஒருவர் இறந்தார். அவருக்கு வழியில் பசிக்குமே என்று யாரோ நெல்லை இட்டனர். அந்த நெல்லில் அச்சமும் உண்டு, அன்பும் உண்டு. இரண்டையும் பிரித்தெடுக்க எந்த ஆய்வுக் கூடத்தாலும் இயலாது.

இத்தாழியைச் சங்கப் புலவர்களும் அறிவார்கள். கணவனை இழந்த பெண்ணொருத்தி குயவனை விளித்து, அவனுக்கென வனையும் தாழியில் தனக்கும் இடம் இருக்குமாறு அகலமாக வனைந்து தருக என வேண்டும் பாட்டு புறநானூற்றில் உள்ளது. அவள் அஞ்சியது சாவுக்கன்று, தனித்திருத்தலுக்கு.

சங்ககாலத் தமிழர் சாவுக்கு அஞ்சாதவர் என்று மேடைதோறும் முழங்குகின்றார்கள். நடுகற்கள் அதற்குச் சான்றாகக் காட்டப்பெறுகின்றன. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற, பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்கள் அவ்வீரர்களின் பெயரை இன்றும் சொல்லி நிற்கின்றன. அவ்வீரத்தை யாம் மறுக்கவில்லை. ஆயினும் புறநானூறு காட்டும் மற்றொரு வழக்கத்தையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். போர்க்களத்தில் படாது நோயுற்று இறந்த அரசரின் உடலைத் தருப்பைப் புல்லின்மேற் கிடத்தி, வாளாற் கீறிப் பின்னரே அடக்கம் செய்தனர். ஒளவையார் பாடல் ஒன்று இதனைக் குறிக்கின்றது. குழவி இறந்து பிறப்பினும் வாளால் வெட்டிப் புதைத்தனர் என்பது சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாட்டால் தெரிகின்றது. இஃது அஞ்சாமையா? இதுவும் ஓர் அச்சமே என்பது எம் துணிபு. புண்ணின்றி, புகழின்றி, கிழவனாய்ப் பாயிற் கிடந்து சாதலுக்கு அஞ்சினர். வீரச்சாவைக் கொண்டாடிய சமுதாயம் எளிய சாவைக் கண்டு நாணிற்று. உலகில் பெரும்பாலோர்க்கு வாய்ப்பது எளிய சாவே அல்லவா? அவர்களுக்குச் சொல்ல அந்த வீரயுகத்தினிடம் ஆறுதல் மிகுதியாக இல்லை.

நிலையாமையை நினைவூட்டக் காஞ்சித் திணை வகுத்தனர். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு மாங்குடி மருதனார் 782 அடிகளில் மதுரைக்காஞ்சியைப் பாடி, வென்றவனுக்கும் ஒருநாள் முடிவுண்டு என்பதை உணர்த்தினார். சமண முனிவரோ உண்ணா நோன்பிருந்து சாவைத் தாமே எதிர்சென்று ஏற்றனர். செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றத்துக் கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததைக் கூறுகின்றது. சமயம் வேறாயினும் அவர்தம் உறுதி போற்றற்குரியதே. ஆனால் அதுவும் எல்லார்க்கும் இயல்வதன்று.

எளிய மனிதனின் அச்சத்தை உள்ளவாறே எழுதிக் காட்டியது மணிமேகலை. பௌத்த காவியமாயினும் அதனிடம் நாம் கற்க வேண்டுவது உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டை அடுத்த சக்கரவாளக் கோட்டத்தின் வரலாற்றைச் சாத்தனார் சொல்கின்றார். சுடுவோர், புதைப்போர், தாழியிற் கவிப்போர் முதலாகப் பலரும் வந்து போகும் இடம் அது. சார்ங்கலன் என்னும் அந்தணச் சிறுவன் வழிதப்பித் தனியனாக அதனுள்ளே புகுந்தான். நரியின் ஊளையும் ஆந்தையின் அலறலும் கேட்டு நடுங்கினான். அங்கே ஒரு பேய், பிணத்தின் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு மகிழ்ந்து கூத்தாடிற்று. அதனைக் கண்டான். ஓடினான். தாயிடம் சேர்ந்து, கண்டதைச் சொல்லி, உயிர்விட்டான். அவனை எப்பேயும் தொடவில்லை, எவ்விலங்கும் தீண்டவில்லை. அச்சமே கூற்றாயிற்று.

தாய் கோதமை கண்ணிழந்த முதியவள். மகன் உடலைச் சுமந்து சென்று சம்பாபதித் தெய்வத்தை அழைத்தாள். "என் உயிரைக் கொள்க, இவன் உயிரைத் தருக" என்று மன்றாடினாள். போன உயிரை மீட்டல் எத்தெய்வத்தாலும் ஆகாது என்று அத்தெய்வம் தெளிவித்தது. அவளும் உயிர் துறந்தாள். பௌத்தம் இங்கே பொய்யான ஆறுதல் எதுவும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்க. ஆனால் சார்ங்கலனைப் போன்ற இன்னொரு பிள்ளை அச்சுடுகாட்டினுள் நுழைந்தால் அவனுக்கு என்ன சொல்வது? அவ்வினா அப்படியே நிற்கின்றது.

அவ்வினாவுக்கு விடை அதே சோழநாட்டுக் கடற்கரையிலிருந்து வந்தது. காரைக்காலில் வணிகர் குலத்திற் பிறந்த புனிதவதியாரின் வரலாறு நீங்கள் அறிந்ததே. மாங்கனியும், கணவன் அஞ்சி விலகியதும், அழகிய உடலை உதறிப் பேயுருக் கொண்டதும் யாம் விரித்துரைக்க வேண்டுவன அல்ல. திருக்கயிலைக்குத் தலையால் நடந்த அவரை இறைவன் அம்மையே என்று அழைத்துத் திருவாலங்காட்டுக்குச் செல்லப் பணித்தருளினான். அரக்கோணத்தை அடுத்த அத்தலம் இன்று ஐம்பெரும் மன்றங்களுள் இரத்தின சபை. அம்மையார் பாடிய மூத்த திருப்பதிகங்களிலோ அஃது ஒரு சுடுகாடு. கள்ளிச்செடி, காய்ந்த மரம், எரியும் ஈமம், நரி, ஆந்தை, பிணத்தை இழுத்து உண்டு கூத்தாடும் பேய்கள். சாத்தனார் கண்ட காட்சியில் எதுவும் இங்கே குறையவில்லை. கூடியது ஒன்றே. நடுவில் இறைவன் ஆடுகின்றான்.

இரு நூல்களும் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவான காலத்தன அல்ல என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஒரே வகையான சுடுகாடு. ஒருவனைக் கொன்றது, ஒருவரைப் பாடவைத்தது. வேறுபாடு எங்கே உள்ளது? சார்ங்கலன் பேயைக் கண்டு மாண்டான். அம்மையார் தம்மைக் காரைக்காற்பேய் என்றே தம் பாட்டில் பெயரிட்டுக்கொள்கின்றார். எதனைக் கண்டு உலகம் நடுங்கிற்றோ, அதுவாகவே நின்று கையில் தாளம் கொண்டு பாடுகின்றார். இதனினும் பெரிய துணிவு நம் இலக்கியத்தில் இல்லை என்றே சொல்லுவோம். போர்க்களத்தில் மார்பு காட்டிய வீரர்களுக்கு முரசு இருந்தது, அரசன் இருந்தான், நடுகல்லும் காத்திருந்தது. இந்த அம்மையாருக்கு என்ன இருந்தது? திருவடி இருந்தது. இராசேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் சிற்பத்தின் அருகே எலும்பும் தோலுமாக அமர்ந்து தாளமிடும் அவ்வுருவத்தைக் காணச் செல்பவர்கள், குழந்தைகளையும் அழைத்துச் சென்று காட்டுங்கள். குழந்தைகள் அஞ்சுவதில்லை, பெரியவர்களே முகத்தைத் திருப்புகின்றனர்.

நாயன்மார்கள் அச்சமே அறியாதவர்களா என்று சிலர் கேட்பதுண்டு. அறிந்தவர்களே. மகேந்திரவர்மப் பல்லவனின் ஆணைக்குப் பணிய மறுத்து, தாம் எவர்க்கும் குடியல்லர், நமனுக்கும் அஞ்சுபவரல்லர் என்று முழங்கிய திருநாவுக்கரசர் பெருமானை எல்லாரும் அறிவர். அவருடைய முதற்பதிகம் எங்கே எழுந்தது? திருவதிகையில், சூலைநோயால் துடித்து, தமக்கையாரின் கையால் திருநீறு பெற்று, கோயிலினுள் விழுந்து கிடந்தபோது எழுந்தது. அப்பதிகம் கூற்றுவன் பெயராலேயே தொடங்குகின்றது. தம் நோய் கூற்றுவனைப் போல் வருத்துவதாகச் சொல்லி முறையிடுகின்றார். முறையிட்ட அதே நாவே பின்னர் நமனை அஞ்சோம் என்றது. முதலாவது இன்றி இரண்டாவது இல்லை. இதனை மறந்து, இரண்டாவதை மட்டும் ஓதிச் சிறார்க்கு வீரம் ஊட்ட முயல்வது பாதிப் பாடம்.

மார்க்கண்டேயர் வரலாறும் அவ்வாறே. பதினாறு வயதே உடைய அப்பிள்ளை அஞ்சினான்; அஞ்சியே சிவலிங்கத்தைத் தழுவினான். அவனைக் கோழை என்று எந்தப் புராணமும் பழிக்கவில்லை. காலனை உதைத்த அத்திருவிளையாட்டைத் தேவார முதலிகள் மூவரும் மீண்டும் மீண்டும் பாடினர். எல்லோராக் குகைகளில் அது கல்லிற் செதுக்கப்பெற்றது. அட்ட வீரட்டங்களுள் ஒன்றாகிய திருக்கடவூரில் செப்புத் திருமேனியாக நிற்கின்றது. ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் அங்கே அந்நிகழ்ச்சி நடத்திக் காட்டப்பெறுகின்றது.

அங்கு நாள்தோறும் அறுபதாம் ஆண்டு நிறைவுக்கும் எண்பதாம் ஆண்டு நிறைவுக்கும் குடும்பம் குடும்பமாக வந்து வழிபடுகின்றார்கள். நல்லதே. பெற்றோரைப் பிள்ளைகள் மணக்கோலத்தில் அமர்த்திப் பார்ப்பது கண்ணுக்கு இனிய காட்சி. ஆனால் அத்தலபுராணத்தின் பிற்பகுதியை அங்கே கேட்டுச் செல்பவர் எத்தனை பேர்? காலன் வீழ்ந்தபின் உலகில் சாவு ஒழிந்தது. நிலமகள் பாரம் தாங்கமாட்டாது முறையிட்டாள். இறைவன் காலனை மீண்டும் எழுப்பி அவன் தொழிலை அவனுக்கே அளித்தருளினான். உதைக்கப்பட்டவன் எழுப்பப்பட்டான் என்பதை ஊன்றி நோக்குக. திருக்கடவூர் சாவை ஒழித்த தலமன்று. அடியவனிடம் வந்த கூற்றுவனின் இறுமாப்பை ஒழித்த தலம். ஆயுளுக்கு மேலும் பத்தாண்டு கேட்டுவரும் கடைத்தெருவாக அதனைக் கருதுவாரோடு யாம் உடன்படுவதற்கில்லை.

இனி, சடங்கினுள் புகுந்த ஒரு திருப்பதிகத்தின் கதையைச் சொல்லுவோம். மணிவாசகப் பெருமான் தில்லையில் அருளிய திருப்பொற்சுண்ணம் 20 பாடல்களையுடையது. இறைவன் திருமஞ்சனத்திற்கு மகளிர் கூடிச் சுண்ணம் இடிக்கும் மகிழ்ச்சிப் பாட்டு அது. முத்துமாலை தொங்கவிட்டு, முளைக்குடம் வைத்து, தோழியரை அழைத்து இடிக்கும் திருமண வீட்டு ஆரவாரம் அதில் கேட்கின்றது. யாழ்ப்பாணத்துச் சைவர்களோ அதனை இறந்தவர் வீட்டில் ஓதுகின்றார்கள். முற்றத்தில் உரலிட்டு, மஞ்சள் முதலியவற்றை இடித்து, அச்சுண்ணத்தைப் பூதவுடலுக்குச் சாத்துகின்றார்கள். இடிக்கும்போது இத்திருப்பதிகம் ஒலிக்கின்றது. புலம்பெயர்ந்து இலண்டனிலும் தொரந்தோவிலும் வாழ்வோரும் இதனைக் கைவிடவில்லை. இறைவனுக்குரிய பொற்சுண்ணத்தை இறந்த மனிதனுக்கு இடிப்பதன் கருத்து என்ன? இவ்வுயிர் இன்று சிவனைச் சார்ந்தது. ஆதலின் இவ்வுடலுக்குச் செய்யும் நீராட்டும் திருமஞ்சனமே. துயர வீட்டினுள் மணவீட்டுப் பாட்டைக் கொண்டுவந்து வைத்த அந்த முன்னோர் எவரோ, அவர் நுண்ணறிவை வியக்கின்றோம்.

ஆனால் அச்சம் எளிதில் தோற்பதன்று. பின்வாயில் வழியாக மீண்டும் வரும். சாவு வீட்டில் திருவாசகம் ஓதுவது வழக்கமாயிற்று. உடனே திருவாசகமே சாவு வீட்டுப் பாட்டு என்று ஆகிவிட்டது. மணிவிழா ஒன்றில் யாம் சிவபுராணம் தொடங்கியபோது, "ஐயா, அது இன்றைக்கு வேண்டாமே" என்று கையமர்த்தியவர்கள் உண்டு. நோயுற்ற முதியவர் ஒருவர் தம் படுக்கையருகே அதனை ஓதுமாறு எம்மை வேண்டினார். வீட்டாரோ, நாளை எண்ணுகிறார் என்று ஊரார் நினைப்பார்கள் என அஞ்சி, வேறு பேச்சுப் பேசுமாறு கண்சாடை காட்டினர். அவர் கேட்டது நிறைவேறவில்லை. அச்சத்தைப் போக்க வந்த பாட்டே அச்சத்துக்குப் பொருளாயிற்று. பவணந்தியார் கூறிய மங்கல வழக்கு சொல்லளவில் நின்றவரை தீங்கில்லை. சாகின்றவரின் வாயையும் செவியையும் அடைக்கும் அளவுக்கு அது வளர்ந்ததே தீங்கு.

அச்சத்தை ஒருவன் நேர்நின்று நோக்கினால் என்ன நிகழும் என்பதற்கு, நூற்றாண்டு ஒன்றே கடந்த ஒரு சான்று உண்டு. திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு பிறந்த வேங்கடராமன் என்னும் சிறுவர் 1892-இல் தந்தையை இழந்து, மதுரையில் சிறிய தந்தையார் வீட்டில் வளர்ந்தார். பெரியபுராணத்தைப் படித்து உருகியிருந்தார். 1896-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒருநாள், உடல்நலத்துக்கு எக்குறையும் இல்லாதபோதே, தாம் சாகப்போவதாகத் திடீரென்று ஒரு பேரச்சம் அவரைப் பற்றியது. மருத்துவரைத் தேடி ஓடவில்லை, எவரையும் அழைக்கவில்லை. மாடி அறையில் தரையில் படுத்து, கைகால்களைப் பிணம்போல் விறைப்பாக நீட்டி, மூச்சடக்கி, வாய்மூடி, இறப்பது எது என்று உள்ளே தேடினார். உடலன்றித் தாம் வேறு என்னும் தெளிவு அன்றே உண்டாயிற்று என்று பிற்காலத்தில் அவரே எடுத்துரைத்தார். அதன்பின் மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலுக்கு நாள்தோறும் சென்று அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன் கண்ணீர் மல்க நின்றார். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை சேர்ந்தார். இரமண முனிவர் என்று உலகம் அறிந்தது அவரையே. சார்ங்கலன் ஓடினான், இவர் படுத்தார். பெரியபுராணம் படித்த பிள்ளை என்பதை மட்டும் யாம் அழுத்திச் சொல்லி அமைகின்றோம்.

மணிவாசகர் அச்சப்பத்து என்றொரு பதிகம் அருளியிருக்கின்றார். உலகோர் அஞ்சும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதற்கு அஞ்சுவதில்லை, இதற்கு அஞ்சுவதில்லை என்று தள்ளுகின்றார். நோயையும் தள்ளுகின்றார், பிறப்பையும் இறப்பையும் தள்ளுகின்றார். எஞ்சி நிற்கும் அச்சம் ஒன்றே: இறைவன்பால் அன்பில்லாத மனிதரைக் காண்பது. இதனைப் புலவர்கள் கவி அழகு என்று சொல்லி நகர்ந்துவிடுவர். கொள்ளைநோய்க் காலத்தில்தான் இதன் உண்மை எமக்கு முழுதும் விளங்கிற்று.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், சென்னையில், கொரோனாத் தொற்றுக்கு ஆளாகி மருத்துவர் ஒருவர் உயிர்நீத்தார். அவர் உடல் இடுகாட்டுக்கு வந்தால் நோயும் உடன்வரும் என்று அஞ்சிய மக்கள் கூட்டமாகத் திரண்டனர். உடலை ஏற்றி வந்த ஊர்தியின் மேல் கல்லும் கட்டையும் வீசினர், உடன்வந்தோர் அடிபட்டனர், மனைவியும் மகனும் அடக்கத்தைக் கண்ணாரக் காணவும் இயலாது விலக நேர்ந்தது. அவர்களுள் கொடியவர்கள் என்று சொல்லத்தக்கவர் சிலராகவே இருந்திருத்தல் கூடும். ஏனையோர் நாள்தோறும் கோயிலுக்கும் கடைக்கும் போய்வரும் நம்மனோரே. மறுநாட் காலையில் வாசலில் கோலமிட்டிருப்பார்கள். சாவைக் கண்ணாற் காணாது, சொல்லால் மூடி, மருத்துவமனைக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வைத்து, குளிர்பெட்டியிலிருந்து எரிமேடைக்கு அரைநாளில் கடத்திப் பழகிய ஒரு தலைமுறையின்முன் அது திடீரென்று தெருவில் வந்து நின்றது. சார்ங்கலன் தன்னுயிரை மட்டுமே இழந்தான். இவர்கள் கல்லெடுத்தனர். அவ்வாறு அடக்கம் தடுப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறை என்று அதே திங்களில் அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க வேண்டியதாயிற்று.

அன்றிரவு கூட்டத்துக்கு அஞ்சி ஊர்தி திரும்பிச் சென்றது. பின்னர், காவலர் பாதுகாப்புடன், இறந்தவரோடு பழகிய மற்றொரு மருத்துவர் தாமே அதனை மீண்டும் கொண்டுவந்தார். துணைக்கு மருத்துவமனை ஊழியர் இருவர். குழியில் உடலை இறக்கிய பின் மண் தள்ள ஆளில்லை. அவர் மண்வெட்டியை எடுத்தார். அது போதாதபோது இரு கைகளாலும் மண்ணை அள்ளி இட்டு மூடினார்.